உச்சியில் இரண்டரை அடி

பாண்டியில சொந்தக்காரங்களான்னு கேட்டீங்க. சொந்தம்தான். பொண்ணைக் குடுத்திருக்கேன். இன்னைக்குப் பேரனுக்கு ஞானஸ்நானம். அவங்க வேதக்காரங்க. நான் அதுக்கெல்லாம் ஒண்ணும் சொல்றதில்ல சார். பொண்ணு ஆசைப்பட்டா, குடுத்தேன், முடிஞ்சுது. கோயில்ல முதல் வரிசையிலதான் உக்காந்திருந்தேன். ஆனா சாப்பிடல. பந்தி போடறதுக்குள்ள ஆட்டோ பிடிச்சு பஸ் ஸ்டாண்டு வந்துட்டேன். என் சம்சாரம் வரமாட்டேன்னுட்டா, அங்கேயே இருக்கா. ஏன்னு கேக்க மாட்டீங்களா? கேக்கலைன்னாலும் சொல்றேன்.

எல்லாம் சம்பந்தியம்மாவால. மாப்பிள்ளையோட அம்மா. ஜெசிந்தான்னு பேரு, தூத்துக்குடிக்காரங்க. வீட்டுக்காரர் எப்பவோ போயிட்டார். தார்ப்பாய் தைக்கிற கடை வச்சிருக்காங்க. லாரிக்குத் தைப்பாங்க, உப்புக் குவியலை மூடறதுக்குத் தைப்பாங்க, முன்னாடி தோணிக்கும் பாய் தெச்சாங்களாம். நான் யாரையும் தொழிலை வச்சுக் குறைச்சுப் பேசற ஆள் இல்ல. தையல் தொழில் தையல் தொழில்தான், அவ்வளவுதான் சொல்றேன்.

நான் கப்பல்ல முப்பத்தியொரு வருஷம். சீஃப் இன்ஜினியரா ரிடையர் ஆனேன். மார்க்கசகாயம்னு சொன்னா அந்தக் காலத்துல கம்பெனியில தெரியாதவங்க கிடையாது. நிச்சயதார்த்தத்தன்னைக்கு இதை யாரோ பெருமையாச் சொன்னாங்க. அந்தம்மா டம்ளரைக் கீழ வச்சுட்டு என்ன கேட்டாங்க தெரியுமா? "இன்ஜின் ரூம்லயா இருந்தீக? அப்போ கடலைப் பாத்தே இருக்க மாட்டீகளே சம்பந்தி." எல்லாரும் சிரிச்சாங்க. என் பொண்ணு சிரிச்சா. என் சம்சாரம் புடவைத் தலைப்பை வாயில வச்சுக்கிட்டு சிரிச்சா. நானும் சிரிச்சேன், சபையில என்ன பண்ணறது. வீட்டுக்கு வந்து ராத்திரி சாப்பிட முடியல. நாலு வருஷம் ஆச்சு. அந்தம்மாவுக்கு அது ஞாபகமே இருக்காது. எனக்கு இருக்கு.

இப்ப விஷயத்துக்கு வரேன். மாப்பிள்ளை டெல்வினும் என் பொண்ணு சங்கவியும் நல்ல வேலையை விட்டுட்டு, ஊரை விட்டுப் போற ஒரு பிரெஞ்சுக்காரர்கிட்ட இருந்து சின்னப் பாய்மரப் படகு ஒண்ணு வாங்கினாங்க. இருபத்திமூணு அடி. ஆத்து முகத்துவாரத்துல கட்டி வச்சு, ஆசைப்படறவங்களுக்குப் பாய் ஓட்டக் கத்துக்குடுக்கறாங்க. நல்லா போச்சு. ஒரே ஒரு கஷ்டம். படகுக்கு முன்னாடி முக்கோணமா ஒரு பாய் இருக்கும். பாய்மரத்தோட உச்சியில இருந்து படகோட மூக்கு வரைக்கும் ஒரு கம்பி இறங்கும், மரம் சாயாம பிடிக்கறதே அதுதான், அந்தக் கம்பியில பாயைக் கொக்கி கொக்கியா மாட்டியிருக்கும். காத்து ஏறினா யாராவது ஒருத்தர் மூக்குக்குத் தவழ்ந்து போய் அதை இறக்கணும். அலை மேல வந்து அடிக்கும். மாப்பிள்ளை சுக்கான் பிடிப்பான். போறது யாரு? என் பொண்ணு. அதுவும் அப்ப நாலு மாசம் முழுகாம இருந்தா.

நான் சொன்னேன், இதுக்கு ஒரு சாமான் இருக்கு, ஃபர்லர்னு பேரு, நான் வாங்கித் தரேன், நானே வந்து மாட்டித் தரேன்னு. அது என்னன்னா, படுக்கற பாயைச் சுருட்டற மாதிரி, ஆனா நிக்க வச்சு சுருட்டறது. அந்தக் கம்பிக்கு மேல அலுமினியக் குழாய் போட்டுடணும். கீழ ஒரு டிரம், மேல சுழல்ற ஒரு வளையம், ஸ்விவல்னு சொல்லுவோம், பாயோட தலையும் பாயை ஏத்துற கயிறும் அதுலதான் மாட்டும். டிரம்முல சுத்தின கயிறு படகோட ஓரமாவே பின்னாடி வரும். உக்காந்த இடத்துல இருந்து அந்தக் கயிறை இழுத்தா குழாய் சுத்தும், பாய் அது மேலேயே சுருண்டுக்கும். யாரும் முன்னாடி போகவே வேணாம். என் பொண்ணுக்காகச் செஞ்சேன் சார். அதை மட்டும் நல்லா மனசுல வச்சுக்கங்க.

பழைய பாய்ல கொக்கியை எல்லாம் எடுத்துட்டு, குழாயில நீளமா ஓடற பள்ளத்துல, காடின்னு சொல்லுவோம், அதுல நுழையற மாதிரி ஓரத்துல நாடா வச்சுத் தைக்கணும். பாண்டியிலேயே ஆள் பிடிச்சிருக்கலாம். மாப்பிள்ளை அவங்கம்மாவை வரச் சொல்லிட்டான். மிஷினைத் தூக்கிக்கிட்டு ரயில்ல வந்து இறங்கினாங்க. ஆக ஒரே வாரம், ஒரே வீடு, நானும் அவங்களும்.

மூணு நாள் வேலை. என் வேலையை நீங்க பாத்திருக்கணும். மரம் சாயாம இருக்க உச்சியில இருந்து மூக்குக்கு ரெண்டு கயிறு இழுத்துக் கட்டினேன். அதுக்கப்புறம்தான் கம்பியைக் கழட்டினேன். மாப்பிள்ளை மரத்துல ஏறி, கம்பியைப் பிடிச்சிருந்த மேல் ஆணியை உருவினான். கம்பியைப் படகு கட்டற ஜெட்டியில நீட்டிப் போட்டு மூணு தடவை அளந்தேன். குழாய்த் துண்டை ஒவ்வொண்ணா கோத்து, ஸ்க்ரூவுக்குப் பசை போட்டு முடுக்கி, கடைசித் துண்டை மில்லிமீட்டர் பிசகாம அறுத்தேன். திரும்ப ஏத்தி மாட்டினப்போ ஆணி வெண்ணெய்ல போற மாதிரி போச்சு. ஒருத்தர் பாராட்டணுமே. அந்தம்மா ஜெட்டியில குந்தி உக்காந்து தெச்சுக்கிட்டே, "அளவு எடுக்கதுலயே பொழுது போயிருச்சு"ன்னாங்க.

சாப்பிடறப்பவும் அப்படித்தான். நான் மீனை முள்ளு எடுத்துச் சாப்பிடறதைப் பாத்து, சங்கவிகிட்ட உங்கப்பா மீனுக்கு ஆபரேஷன் பண்ணுதாரான்னு கேட்டாங்க. பொண்ணு சோத்தைத் துப்பற அளவுக்கு சிரிச்சா. என்கிட்ட அவ அந்த மாதிரி சிரிச்சது கிடையாது.

சனிக்கிழமை சாயங்காலம் பாயை ஏத்திப் பாத்தோம். காடியில வழுக்கிக்கிட்டு ஏறிச்சு. ஆனா பாய் கொஞ்சம் குட்டை. பழைய பாய் இல்லையா? அதனால ஸ்விவல் உச்சி வரைக்கும் போகாம இரண்டரை அடி கீழேயே நின்னுடுச்சு. ஏத்துற கயிறு அங்கேருந்து மரத்து உச்சிக்குக் குழாயை ஒட்டின மாதிரியே போச்சு. நான் சரின்னுட்டேன். அந்தம்மா மட்டும் கண்ணுக்கு மேல கையை வச்சு அண்ணாந்து பாத்துக்கிட்டே இருந்தாங்க. அப்புறம் சொன்னாங்க, இது ஆகாது சம்பந்தி, சுருட்டும்போது அந்தக் கயிறும் சேந்து கம்பியில சுத்திக்கும், பாயோட தலையில ஒரு துண்டு வயர் வச்சு நீட்டி, வளையத்தை உச்சிக்கு அனுப்பிருவோம்னு.

நான் தேவையில்லைன்னேன். ஏன்னாங்க. கணக்கு பண்ணித்தான் சொல்றேன்னேன். அப்ப மாப்பிள்ளை ஃபர்லரோட வந்த புத்தகத்தைப் பிரிச்சு, இதுல அம்மா சொல்ற மாதிரி ஒரு படம் இருக்கு மாமான்னான். அந்தப் பக்கத்தை நான் பாக்கலைன்னு சொல்ல முடியாது. பாத்திருந்தேன். அது பெரிய படகுக்குன்னு நெனச்சுக்கிட்டேன். நெனச்சுக்கிட்டேன்னா, அப்படித்தான் இருக்கணும்னு தோணிச்சு.

நான் கடைக்குப் போயிட்டு வர்றதுக்குள்ள அந்தம்மா தன் இஷ்டத்துக்கு ஒரு வயரை வெட்டி, ரெண்டு பக்கமும் கண்ணு போட்டு, லாரித் தார்ப்பாய்க்குத் தைக்கிற ஆரஞ்சு நூலை வச்சு இறுக்கிச் சுத்தி, பாயோட தலையில மாட்டி ஏத்தியே விட்டுட்டாங்க. என்னைக் கேக்கல. நான் அறுத்து, நான் கோத்து, நான் மாட்டின சாமான். அதோட உச்சியில, ஊர்ல இருக்கிற எவனும் பாக்கற மாதிரி, ஆரஞ்சு நூல். நீங்களே சொல்லுங்க, நல்லாவா இருக்கு?

மறுநாள் ஞாயித்துக்கிழமை. காலையில அவங்களும் என் சம்சாரமும் பூசைக்குக் கிளம்பிட்டாங்க. இவளுக்கு அங்க என்ன வேலைன்னு தெரியல, ரெண்டு பேரும் அந்த ஒரு வாரத்துல அப்படி ஒட்டிக்கிட்டாங்க. பிள்ளைங்க எழுந்திரிக்கல. நான் ஜெட்டிக்குப் போனேன். பாயை இறக்கினேன். அந்த வயரைக் கழட்டினேன். பாயை நேரா ஸ்விவல்ல மாட்டி, திரும்ப ஏத்தி, அழகாச் சுருட்டி வச்சேன். சிக்கல் இல்லாம சுருண்டுச்சு, அதையும் சொல்லிடறேன். காத்தே இல்லாதப்போ ஜெட்டியில சுருண்டுச்சு.

சொல்லியிருக்கணும்னு நீங்க நெனைக்கலாம். யாரும் கேக்கல சார். அண்ணாந்து பாத்திருந்தா தெரிஞ்சிருக்கும். யாரும் அண்ணாந்து பாக்கல. நான் மறைக்கிற ஆள் கிடையாது.

ஒம்பது மணிக்கு நான், மாப்பிள்ளை, பொண்ணு மூணு பேரும் கிளம்பினோம். முகத்துவாரம் தாண்டி ஒரு மணி நேரம் ஓடினோம். என் பொண்ணு பின்னாடி உக்காந்து, ஒரு கையை வயித்து மேல வச்சுக்கிட்டு, அப்பா, நான் முன்னாடி போகவே வேணாம்லன்னு ரெண்டு தடவை கேட்டா. போகவே வேணாம்மான்னேன். அந்த ஒரு மணி நேரம் எனக்குப் போதும் சார். அதுக்காகத்தான் அவ்வளவும் செஞ்சேன்.

பத்தரை மணி சுமாருக்குக் காத்து திடீர்னு ஏறிச்சு. படகு ஒரு பக்கமா சாஞ்சுது. மாப்பிள்ளை முன்பாயைச் சுருட்டச் சொன்னான். சங்கவி கயிறை இழுத்தா. நாலு சுத்து சுத்திச்சு, நின்னுடுச்சு. திரும்ப இழுத்தா. வரல. மாப்பிள்ளை அண்ணாந்து பாத்துட்டு, "மாமா, இழுக்க வேணாம், மேல என்னமோ சுத்திக்கிச்சு, விட்டுக் குடுத்துப் பாப்போம்"னான். நான் என்ன நெனச்சேன்னா, புது சாமான், முதல் தடவை பாரம் ஏறுது, கொஞ்சம் கெட்டியாத்தான் இருக்கும். இன்ஜின் ரூம்ல அப்படித்தான். கயிறை வாங்கி, கயிறு முடுக்கற உருளை இருக்கே, அந்த வின்ச்ல ரெண்டு சுத்து சுத்தி, கைப்பிடியைப் போட்டு நானே முடுக்கினேன். ஒரு சுத்து வந்துது. பாத்தீங்களா வருதுன்னேன். இன்னொரு சுத்து முடுக்கினேன்.

மேல ஒரு சத்தம் கேட்டுது. தேங்காய் உடைக்கிற மாதிரி. கம்பி அறுந்து, அதுல சுத்திக்கிட்டிருந்த ஏத்துற கயிறும் அறுந்து, மரம் அப்படியே பின்னாடி எங்க மேல சாஞ்சுது. மாப்பிள்ளை சுக்கானை விட்டுட்டு சங்கவி மேல குப்புற விழுந்து மூடிக்கிட்டான். மரம் அவன் தோள்ல இறங்கிச்சு. அவன் கத்தக்கூட இல்ல. நான் கைப்பிடியைப் பிடிச்சுக்கிட்டு நின்னேன். எனக்கு ஒரு கீறல் கிடையாது.

மீன்பிடிச்சுத் திரும்பின ஃபைபர் போட்டுக்காரங்க ரெண்டு பேர் கயிறு போட்டு இழுத்துக்கிட்டு வந்தாங்க. வர்ற வழியெல்லாம் அவ வயித்தைப் பிடிச்சுக்கிட்டு, அசைய மாட்டேங்குதுப்பா, அசைய மாட்டேங்குதுப்பான்னா. நாலு மாசத்துல அசைவு தெரியாதும்மான்னு சொல்லக்கூட எனக்கு வாய் வரல.

ஆஸ்பத்திரியில மாப்பிள்ளைக்குத் தோள் எலும்பு ரெண்டா போயிருக்குன்னு ஆபரேஷனுக்குக் கொண்டுபோயிட்டாங்க. அவளுக்கு ஸ்கேன் எடுத்தாங்க. குழந்தை நல்லா இருக்கு, ரெண்டு நாள் படுத்திருக்கட்டும்னாங்க. அப்பதான் அந்தம்மா உள்ள வந்தாங்க. என் சம்சாரம் எப்பவோ வந்துட்டா, இவங்க மட்டும் லேட். ஏன் லேட்டு? நேரா ஜெட்டிக்குப் போயிருக்காங்க. உடைஞ்சு கிடக்கிற மரத்தோட உச்சியைப் பாத்துட்டு வந்திருக்காங்க. புடவையெல்லாம் கிரீஸ். பாய் நேரா ஸ்விவல்ல மாட்டியிருந்ததைப் பாத்திருக்காங்க, இல்லாம இருக்குமா?

சங்கவி படுத்துக்கிட்டே கேட்டா. "அத்தை, நேத்து நீங்க ஒரு வயர் போட்டீங்களே, மரம் விழுந்தப்போ அதைக் காணோமே, யார் கழட்டினா?"

ரூம்ல நாங்க நாலு பேர்தான். நான் வாயைத் திறந்தேன். நிஜமாத்தான் சார், திறந்தேன். அந்தம்மா என்னைப் பாத்தாங்க. அப்புறம் அவ பக்கம் திரும்பி, "நான்தாம்மா கழட்டுனேன். நீளம் கூடிப்போச்சோன்னு, பூசைக்குப் போறதுக்கு முன்ன போயி எடுத்துட்டேன். பெரிய தப்புப் பண்ணிட்டேன்"னாங்க.

கேட்டீங்களா? அவங்க வாயாலேயே சொன்னது. நான் சொல்லச் சொல்லல. நாலு பேர் சாட்சி.

என் பொண்ணு என்ன பேச்சு பேசினா தெரியுமா. அவ அப்படிப் பேசி நான் கேட்டதே இல்ல. எங்கப்பா மில்லிமீட்டர் பாத்துச் செஞ்சதை நீங்க கெடுத்தீங்க, உங்க பிள்ளையையும் என் பிள்ளையையும் கொல்லப் பாத்தீங்க, இனிமே என் வீட்டுல எதையும் தொடாதீங்கன்னா. அந்தம்மா தலையைக் குனிஞ்சுக்கிட்டு எல்லாத்தையும் கேட்டுக்கிட்டாங்க. பூசைக்குப் போறதுக்கு முன்னாடி அந்தம்மா என் சம்சாரத்தோடவேதான் இருந்தாங்க, ஒரே ஆட்டோவுல போனாங்க. அவ அந்தம்மாவைப் பாத்தா, அப்புறம் என்னைப் பாத்தா. அன்னைக்கு இருந்து என்கிட்ட சாப்பிட வாங்க, தூங்குங்க, இதைத் தவிர வேற பேச்சில்ல.

வராண்டாவுல நான் அந்தம்மாவைப் பிடிச்சேன். ஏன் அப்படிச் சொன்னீங்கன்னு கேட்டேன். நன்றி சொல்லத்தான் போனேன், சத்தியமா. ஆனா வாயில வந்தது அதுதான்.

"உங்களுக்காகச் சொல்லல," அப்படின்னாங்க. "உங்க மூஞ்சியப் பாத்தாலே எனக்கு வயிறு எரியுது. உள்ள ஆபரேஷன்ல கிடக்கது எம் பிள்ளை. அந்தப் பொண்ணு வயித்துல பிள்ளைய வச்சுக்கிட்டுப் பெத்த அப்பனை வெறுத்துட்டுக் கெடக்கக் கூடாது. என்னைய வெறுத்துட்டுப் போட்டும், மாமியார்தான. பிள்ளை பெறட்டும். அதுக்கப்புறம் நீங்களே சொல்லிருங்க."

அதுதான் சார் என்னால தாங்க முடியல. என்னைத் திட்டியிருக்கலாம். ஊர் கூட்டிச் சொல்லியிருக்கலாம். என் தப்பை எடுத்துத் தன் தலையில வச்சுக்கிட்டு, எனக்கு ஒரு கெடுவும் குடுத்துட்டுப் போறாங்க, நான் என்னமோ பள்ளிக்கூடத்துப் பையன் மாதிரி. யார் இவங்களைக் கேட்டா? தப்புன்னு சொன்னேனா இப்ப? வாய் தவறி வந்துடுச்சு. தப்புன்னா, கம்பியும் பழசு. பிரெஞ்சுக்காரர் எத்தனை வருஷம் ஓட்டினாரோ.

பிள்ளை பிறந்துது. நல்லபடியாப் பிறந்துது. நான் சொல்லல. பச்சை உடம்புக்காரிகிட்ட போய் எதைச் சொல்றது? முப்பது நாள் போகட்டும்னு இருந்தேன். இன்னைக்கு ஞானஸ்நானத்துக்கு அந்தம்மா தூத்துக்குடியில இருந்து வந்தாங்க. கடைசி வரிசையில உக்காந்திருந்தாங்க, சொந்தப் பேரனுக்கு. பூசை முடிஞ்சு வெளிய வந்ததும் சங்கவி குழந்தையை முதல்ல என் கையிலதான் குடுத்தா. தாத்தாகிட்ட போன்னு குடுத்தா. அப்ப அந்தம்மா கிட்ட வந்து கையை நீட்டினாங்க. ஒரு நிமிஷம் தூக்கிட்டுக் குடுத்துருதேம்மான்னாங்க.

என் பொண்ணு எல்லார் முன்னாடியும் சொன்னா, "வேணாம் அத்தை. உங்க கையில குடுக்க எனக்கு பயமா இருக்கு."

அந்தம்மா கையை மடக்கிக்கிட்டாங்க. இந்தத் தடவை என்னைப் பாக்கவே இல்ல. பாத்திருந்தா ஒருவேளை நான் சொல்லியிருப்பேன். பாக்கல. மாப்பிள்ளைதான் பாத்தான். அவனுக்கு இன்னும் அந்தக் கை தோளுக்கு மேல தூக்க வராது. குழந்தை என் கையில இருந்தான், கண்ணைத் திறந்து என்னையே பாத்துக்கிட்டிருந்தான். நான் என்ன பண்ணினேன்னு கேளுங்க. குழந்தையை என் சம்சாரத்துக்கிட்ட குடுத்துட்டு, மெட்ராஸ்ல ஒருத்தரைப் பாக்கணும்னு சொல்லிட்டு வந்துட்டேன். யாரையும் பாக்க வேண்டியதில்ல.

இப்ப நீங்க சொல்லுங்க, இதுல நான் என்ன பண்ணியிருக்க முடியும்?

என்னது?

இறங்கித் திரும்பிப் போகணுமா? மரக்காணத்துல இறங்கினா பாண்டிக்கு உடனே பஸ் கிடைக்கும்னு எனக்குத் தெரியாதா? போய் என்னன்னு சொல்றது? எட்டு மாசம் கழிச்சு, பந்தி நடுவுல நின்னு, நான்தாம்மான்னு சொல்றதா? உங்களுக்குப் பொண்ணு இருக்கா சார்? இல்லைன்னா பேசாதீங்க. இருந்தாலும் பேசாதீங்க. வழியில பாத்த மனுஷன், படிச்சவர் மாதிரி இருக்கீங்களேன்னு மனசு விட்டுச் சொன்னா, நீங்களும் அந்தம்மா மாதிரியே எனக்குப் பாடம் எடுக்கறீங்க. முப்பத்தியொரு வருஷம் சர்வீஸ் சார் எனக்கு. கம்பி பழசுன்னு சொல்றேன், அது காதுல விழலையா?

எங்க எழுந்திரிக்கறீங்க? கல்பாக்கத்துக்கு டிக்கெட் எடுத்தீங்க, இது மரக்காணம்.

ஓ, சீட்டு மாறவா. மாறுங்க. நல்லா மாறுங்க, முன்னாடி காலியாத்தான் இருக்கு. அந்தப் பக்கம் உக்காராதீங்க, வெயில் நேரா மூஞ்சியில அடிக்கும். சொல்றது உங்க நல்லதுக்குத்தான். கேக்க மாட்டீங்க.